பாதிப் பெயரை நம்பி வாங்காதீர்கள்: கடலூரில் குறைந்த செலவில் கேமிங் கணினி

போன மாதம் அக்கா மகன் ஒரு சீட்டோடு வீட்டுக்கு வந்தான். அரைத் தாளில் பேனாவால் எழுதிய ஆறு வரி: ஐ5 ப்ராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 எஸ்எஸ்டி, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்ட் தரும் பெட்டி), ஆர்ஜிபி (வண்ண விளக்கு) கேபினெட். அடியில் மொத்தத் தொகை. "ஐ5, 4 ஜிபி கார்டு, எல்லாம் நல்லாதானே மாமா இருக்கு?" என்று கேட்டான். மறுநாள் காலேஜ் விட்டு வரும் வழியில் முன்பணம் கட்டுவதாக இருந்தான்.

கடைக்குப் போன் போட்டு முழு மாடல் பெயரைக் கேட்டோம். அந்த ஐ5, ஐ5-3470. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ப்ராசஸர். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஓடும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதோடு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு அந்த ப்ராசஸரில் கிடையாது. அது இல்லாவிட்டால் திறக்கவே திறக்காத புது கேம்கள் இருக்கின்றன. 4 ஜிபி கார்டு என்பது ஜிடி 730. 2014இல் வந்தது, திரையில் படம் காட்டுவதற்கான கார்டு. அதில் 4 ஜிபி என்ன, 8 ஜிபி வைத்தாலும் வேகம் வராது.

சீட்டில் எழுதியது எதுவும் பொய் இல்லை. எல்லாமே பாதிப் பெயர், அவ்வளவுதான். காசின் மதிப்பெல்லாம் மீதிப் பாதியில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயரின் பின்பாதியில் என்ன பார்க்க வேண்டும் என்று, எந்த வரிசையில் தேர்ந்தெடுக்க வேண்டுமோ அதே வரிசையில் சொல்கிறேன். மானிட்டரும் சேர்த்து ஐம்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரத்துக்குள் முடிக்க நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பாகங்களின் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் தனித்தனி விலை போடவில்லை. எதற்கு எவ்வளவு பங்கு ஒதுக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் கேம், அப்புறம் திரை

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் நீங்கள் உண்மையிலேயே ஆடப்போகும் ஐந்து கேம்களை எழுதுங்கள். வேலொரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரியான போட்டி கேம்களுக்கு ப்ராசஸர்தான் முக்கியம். அவற்றில் வேலொரன்ட் நடுத்தரக் கார்டிலேயே நொடிக்கு 144க்கு மேல் ஃப்ரேம் தரும். சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரிப் பெரிய கதை கேம்கள் கார்டைத்தான் பிழிந்தெடுக்கும். ஐந்தில் நான்கு முதல் வகை என்றால் கார்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வேகமான மானிட்டருக்குப் போடலாம். நான்கு இரண்டாம் வகை என்றால் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் கார்டுக்கே ஒதுக்கிவிடுங்கள்.

திரை 24 அங்குலம், 1920க்கு 1080, ஐபிஎஸ் வகை, 100 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்பதே ஹெர்ட்ஸ்). போட்டி கேம் ஆடுபவர்கள் 144 ஹெர்ட்ஸ். இந்தத் தொகைக்கு 1440 வரிசைத் திரை வேண்டாம். கார்டின் வேலை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். மானிட்டர் செலவைப் "பிறகு பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைக்காமல் முதல் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். எத்தனையோ பேர் கணினிக்கு முழுப் பணத்தையும் கொட்டிவிட்டு, கடைசியில் பழைய 60 ஹெர்ட்ஸ் திரையில்தான் ஆடுகிறார்கள்.

கிராபிக்ஸ் கார்டு

அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. 2022இல் வந்தது 8 ஜிபி, 128 பிட் (நினைவகப் பாதையின் அகலம்), 130 வாட். 2024இல் வந்தது 6 ஜிபி, 96 பிட், 70 வாட். நினைவகம் மட்டும் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருந்து கணக்குப் போடும் கோர்களும் 2560இலிருந்து 2304ஆகக் குறைந்துவிட்டன. 6 ஜிபி கார்டுக்கும் ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் தனி பவர் கேபிள் தேவையில்லை, அதனால் அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய பிராண்டட் கணினியில் செருக ஏற்றது. புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் 8 ஜிபி விலை கொடுத்து 6 ஜிபி வாங்கிவிடக் கூடாது. சீட்டில் ஜிபியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. இது மதர்போர்டோடு நான்கே லேன் (தரவு ஓடும் பாதை) வழியாகப் பேசும் கார்டு. பிசிஐஇ 4.0 (4.0 என்பது அந்தப் பாதையின் தலைமுறை) போர்டில் சமாளித்துவிடும். பிசிஐஇ 3.0 மட்டும் உள்ள போர்டில் அந்த நான்கு லேனின் வேகம் பாதியாகிவிடும். இருப்பதே 4 ஜிபி. அது நிரம்பும்போது கேம் விக்கி விக்கி ஓடும். வீடியோ பதிவு செய்ய உதவும் என்கோடரும் இதில் இல்லை. யூடியூபில் கேம் போட நினைக்கும் பிள்ளைகள் இதை வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள்.

என் பரிந்துரை ஆர்எக்ஸ் 6600. 2021இல் வந்த பழைய கார்டுதான், ஆனாலும் 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். 1080 திரைக்குச் செட்டிங்கை உயர்த்தி வைத்தே பெரும்பாலான கேம்களை ஆடலாம். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5050 மூன்றையும் அன்றைய விலையில் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றுமே 8 ஜிபி. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு வருகிறது. ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய போர்டில் அதைச் செருகினால் வேகம் பெரிதாக விழும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மொத்தமே முப்பத்தைந்தாயிரம்தான் என்றால் இப்போதைக்குக் கார்டே வேண்டாம். ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் வாங்குங்கள். உள்ளேயே வேகா கிராபிக்ஸ் இருக்கிறது, வேலொரன்ட் நன்றாகவே ஓடும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கார்டு சேர்த்துக்கொள்ளலாம். ஜிடி 730 வாங்கிப் பணத்தைக் கரைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ப்ராசஸரும் போர்டும்

ப்ராசஸர் பெயரில் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்டு பழுதானால் திரையும் இல்லை. ஏஎம்டி ரைசன் 5000 வரிசையில் இதையே தலைகீழாகப் படிக்க வேண்டும், ஜி என்று முடிந்தால்தான் உள்ளே கிராபிக்ஸ் உண்டு.

இந்தத் தொகைக்குப் பொருந்துபவை மூன்று. ஐ3-12100எஃப், நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைகள்). ஐ3 என்றதும் முகம் சுளிக்காதீர்கள், அந்த 2012 ஐ5ஐ எங்கோ பின்னால் விட்டுவிடும். அடுத்து ஐ5-12400எஃப், ரைசன் 5 5600. இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். 5600 கேட்டால் "5500 இருக்கு, அதுவும் ஆறு கோர்தான்" என்று எடுத்துத் தருவார்கள். கோர் எண்ணிக்கை சமம்தான். ஆனால் 5600இல் 32 எம்பி கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), 5500இல் 16. 5500 பிசிஐஇ 3.0ஓடு நின்றுவிடும். விலையில் நல்ல வித்தியாசம் கிடைத்தால் 5500ஐயும் எடுக்கலாம், தெரிந்து எடுங்கள்.

ரைசன் 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட் போர்டில் அடுத்த தலைமுறை ப்ராசஸர்கள் ஏறாது. அதற்கு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 எடுத்தால் மூன்று நான்கு வருடம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதில் ராம் விலை ஏறிக் கிடக்கிறது. கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இன்றும் டிடிஆர்4 வழிதான் தோது. வீட்டில் பழைய டிடிஆர்4 ராம் இருந்தால் கேள்வியே இல்லை.

போர்டில் ரைசனுக்கு பி550 எடுங்கள். ஏ520இல் பிசிஐஇ 4.0 கிடையாது. இன்டெலுக்கு எச்610 போதும், பெரும்பாலும் இரண்டே ராம் ஸ்லாட் இருக்கும். பழைய பி450 போர்டு வாங்கினால் 5000 வரிசைக்கான பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஏற்றியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ப்ராசஸரைப் பெட்டியோடு வாங்குங்கள். பெட்டியில் வருவதற்குத் தயாரிப்பாளர் மூன்று வருட வாரண்டி தருகிறார், இந்த மாடல்களுக்கு ஃபேனும் உள்ளேயே இருக்கும். பிளாஸ்டிக் தட்டில் வைத்து எடுத்துத் தரும் ட்ரே ப்ராசஸருக்கு அந்த வாரண்டி இல்லை, கடைக்காரரின் வாய்ச்சொல்தான்.

ராமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி என்றால் 8 ஜிபி இரண்டு. ஒரே 16 ஜிபி குச்சியாக எடுத்தால் ஒற்றைச் சேனலில், அதாவது இரண்டுக்குப் பதில் ஒரே பாதையில் ஓடும். கார்டு இல்லாமல் 5600ஜி போடுபவர்களுக்கு இது உயிர்நாடி, உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. டிடிஆர்4இல் 3200 வேகம். பெட்டியில் 3200 என்று இருந்தாலும் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்கும்வரை பல குச்சிகள் 2400 அல்லது 2666இல்தான் ஓடும்.

எஸ்எஸ்டி வேகமான என்விஎம்இ வகையில் 1 டிபி. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றே 150 ஜிபி கேட்கிறது, 512 இரண்டு மூன்று கேமில் தீர்ந்துபோகும்.

கரண்ட்: இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது

சீட்டில் 500 வாட் எஸ்எம்பிஎஸ் என்று இருந்தது. அந்த மாதிரி ஒன்று வீட்டில் கிடக்கிறது, எடுத்துத் திருப்பிக் காட்டினேன். பக்கவாட்டு ஸ்டிக்கரில் கட்டம் போட்டிருக்கும். 12 வோல்ட் என்ற பத்தியில் 16 ஆம்பியர் என்று இருந்தது. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். ப்ராசஸரும் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்எக்ஸ் 6600க்கு 132, ப்ராசஸருக்கு 75இலிருந்து 90, ஃபேன்கள் வேறு. ஆக 220 வாட்டாவது வேண்டிய இடத்தில் 192தான் இருக்கிறது. மேலே எழுதிய 500 எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெட்டிக்கே தெரியாது. ஆடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அணைந்து போகும் கணினிகளில் எனக்குத் தெரிந்து பாதிக்கு மேல் இந்தக் கதைதான். அணைந்தால்கூடப் பரவாயில்லை, மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

450 அல்லது 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) தரம், 12 வோல்ட்டில் குறைந்தது 35 ஆம்பியர், ஐந்து வருட வாரண்டி. இந்த நான்கும் இருக்கிறதா என்று கடையிலேயே ஸ்டிக்கரைப் படியுங்கள். 80 பிளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று மட்டுமே, பாதுகாப்புக்கான சான்று இல்லை. அதனால்தான் வாரண்டி வருடத்தையும் பார்க்கச் சொல்கிறேன்.

யூபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணை விட்டுவிட்டு வாட்டைப் பாருங்கள். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான். நம் கணினியும் மானிட்டரும் சேர்ந்து ஆடும்போது 300ஐத் தொடும். சமாளிக்கும், ஆனால் சேவ் செய்து அணைக்க இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். 1000 விஏ, 600 வாட் என்றால் நிம்மதி. ஸ்பைக் பாக்ஸை யூபிஎஸ்ஸுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். லோ வோல்டேஜில் அது ஒன்றும் செய்யாது.

அடுத்து எர்த். கேபினெட் இரும்பைப் புறங்கையால் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் மின்கசிவை எர்த் வழியாக வெளியேற்றும்படிதான் அமைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டிலேயே தங்கி, சப்ளை வோல்டேஜில் ஏறத்தாழ பாதி அந்த இரும்பில் நிற்கும். மஞ்சக்குப்பத்திலும் ஓல்டு டவுனிலும் நான் போய்ப் பார்த்த பழைய வீடுகள் சிலவற்றில் மூன்று பின் சாக்கெட் இருந்தது, மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் வயரே இல்லை. கணினி வருமுன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு சாக்கெட்டையாவது சரிசெய்யுங்கள். இதைப் பெற்றோர்கள் படித்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேபினெட்டும் கடல் காற்றும்

முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட் அழகாக இருக்கும், காற்று போகாது. கத்திரி வெயிலில் கரண்ட் போய் வந்து, ஃபேன் காற்றும் அனலாக அடிக்கும் அறையில் அது அடுப்பு மாதிரிதான். முன்பக்கம் வலை, முன்னே இரண்டு ஃபேன், பின்னே ஒன்று, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி. விளக்கு ஒளிர்வதற்குக் கொடுக்கும் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள்.

தேவனாம்பட்டினம் பக்கம், சில்வர் பீச்சுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு விஷயம். ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் அதே உப்புக் காற்றுதான் கணினிக்குள்ளும் போகிறது. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். மாதக்கணக்கில் மூடிவைக்காமல் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஓட விடுங்கள், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். திடீரென்று திரை வராமல் போனால் பதறாமல் மின்சாரத்தை எடுத்துவிட்டு, ராம் குச்சியைக் கழற்றி, தங்க நிறத் தொடுபுள்ளிகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துச் செருகிப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் என்னிடம் வந்த கேஸ்களில் இதிலேயே சரியானவை நிறைய.

தரையில் மட்டும் வைக்காதீர்கள். 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இடுப்பு உயர மேசை நல்லது.

எங்கே வாங்குவது

"புதுச்சேரிக்குப் போனால் வரி கம்மி" என்று இன்னும் சொல்கிறார்கள். மற்றச் சரக்குகளுக்கு எப்படியோ, 2017 ஜூலை 1 முதல் கணினி பாகங்களுக்கு ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் ஒன்றுதான், இப்போது 18 சதவீதம். புதுச்சேரியில் கடைகள் கூடுதல், ஸ்டாக் கூடுதல், அதற்காகப் போகலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை பேசிக் குறைக்கலாம், ஆனால் பஸ் செலவையும், வாரண்டிக்கு மறுபடி போய் வரும் நாளையும் கூட்டிப் பாருங்கள். நான் செய்வது, ஆன்லைன் விலையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர்க் கடையில் கேட்பேன். ஐந்நூறு ஆயிரம் கூட என்றால் உள்ளூரிலேயே வாங்கிவிடுவேன்.

பில்லில் முழு மாடல் பெயரும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். "கேமிங் பிசி – 1" என்று ஒரே வரியில் போட்ட பில்லை வைத்துக்கொண்டு மூன்று வருடம் கழித்துக் கார்டுக்கு வாரண்டி கேட்க முடியாது. "பில் இல்லாமன்னா 18 சதவீதம் குறையும்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாம், தப்பில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங் நின்றபோது இரவு பகலாக ஓடிய கார்டுகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன, அவை இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. விற்பவர் வீட்டிலேயே கணினியில் செருகச் சொல்லி, ஜிபியு-இசட் மென்பொருளில் உண்மைப் பெயரைப் பாருங்கள். பழைய கார்டுக்குள் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும் போலிகள் உண்டு. ஆர்எக்ஸ் 580 என்று தருவதில் 2304 கோர் உள்ளதும் 2048 உள்ளதும் இருக்கின்றன. அப்புறம் கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தையும் திரையில் புள்ளி விழுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் மட்டும் எப்போதும் புதிது.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

கடையில் அசெம்பிள் செய்தாலும் வீட்டில் இவற்றைப் பார்த்துவிடுங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும், மேலே உள்ள மதர்போர்டு துளையில் இல்லை. நான்கு ராம் ஸ்லாட் உள்ள போர்டில் குச்சிகள் ப்ராசஸரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ராம் வேகம் 3200 காட்டுகிறதா? விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்திருக்கிறதா? அதைத் தொடாவிட்டால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் 60இலேயே கிடக்கும். வேலொரன்ட் ஆடுபவர்கள் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டையும் பயாஸில் இயக்க வேண்டும், இல்லாவிட்டால் கேம் திறக்காது. ஏஎம்5 போர்டு வாங்கியவர்கள் முதல் முறை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாக இருந்தால் பயந்து அணைத்துவிடாதீர்கள், போர்டு ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது.

அக்கா மகன் அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே புதிதாக எழுதினான். ரைசன் 5 5600 பெட்டியோடு, பி550, 8 ஜிபி இரண்டு 3200, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி, 1 டிபி என்விஎம்இ, 550 வாட் பிரான்ஸ், வலை முகப்புக் கேபினெட். முதல் கடையிலேயே அதைக் காட்டினான். கடைக்காரர் தாளை வாங்கி ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, "உட்காரு தம்பி, ஒவ்வொண்ணா விலை போடுறேன்" என்று கால்குலேட்டரை எடுத்தார்.